டெட்ராய்ட்: வரி நோட்டீஸ் பறித்த வீடுகள்

நிலப்பறிப்பு என்றதும் நமக்கு அடியாளும் போலிப் பத்திரமும்தான் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் அந்த வேலையைச் சொத்துவரி நோட்டீஸே செய்தது. அங்கே பெரும்பான்மையினர் கறுப்பின மக்கள். கார் ஆலைகளில் உழைத்துச் சொந்த வீடு வாங்கியவர்கள் பலர்.

வீட்டின் மதிப்பை வைத்துத்தான் வரி. சந்தை விலையில் பாதிக்கு மேல் மதிப்பிடக் கூடாது என்கிறது மிச்சிகன் மாநில அரசியல் சட்டம். 2008 நெருக்கடியில் வீட்டு விலை சரிந்தது. நகராட்சியின் மதிப்பேடு அந்த அளவுக்கு இறங்கவில்லை. அரை நூற்றாண்டுக்கும் மேலாக முழு மறுமதிப்பீடே நடக்காத ஊர் அது! பேராசிரியர் பெர்னடெட் அட்டுவாஹேனியும் சக ஆய்வாளரும் 2009–2015 கணக்குகளைப் புரட்டிப் பார்த்தார்கள். பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் வரம்பு மீறல். மலிவான வீடுகளில்தான் அது அதிகம்.

மூன்றாண்டு பாக்கி நின்றால் வெய்ன் கவுண்டி, அதாவது மாவட்ட நிர்வாகம், வீட்டைப் பறிமுதல் செய்து ஏலம் விடும். முதல் சுற்றில் விலைபோகாத வீட்டுக்கு அன்று அடுத்த சுற்றில் 500 டாலரிலிருந்து ஏலம் நடந்தது.

இத்தனைக்கும் ஏழைகளுக்கு வரிவிலக்கு சட்டத்திலேயே இருந்தது. ஆனால் அப்போது ஆண்டுதோறும் மனுப் போட வேண்டியிருந்தது. அப்படியொன்று இருப்பதே பலருக்குத் தெரியாது; தெரியப்படுத்தவும் யாரும் மெனக்கெடவில்லை.

2016இல் குடியிருப்போர் வழக்குத் தொடுத்தார்கள். 2018 சமரசத்தில், விலக்குக்குத் தகுதியிருந்தவர்கள் தங்கள் வீட்டை 1,000 டாலருக்கு மீட்க வழி பிறந்தது. மறுமதிப்பீடு முடிந்ததே 2017இல்தான். அதற்குள் பல்லாயிரம் வீடுகள் கைமாறிவிட்டன.