கூட்டுச் சமையற்கூடம் (ஜப்பான்)

இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பள்ளிகளுக்கான மதிய உணவை ஓரிடத்தில் சமைத்து வண்டியில் அனுப்பிவைக்கும் கூடம். சட்டத்தில் இதன் பெயர் ‘க்யோதோ சோரிஜோ’. பேச்சில் ‘க்யூஷோகு சென்டா’. சிற்றூரில் இரண்டு மூன்று பள்ளிகளோடு நின்றுவிடும். நகரங்களில் நாளொன்றுக்குப் பத்தாயிரம் பேருக்குச் சமைக்கும் கூடங்களும் உண்டு.

ஜப்பானில் பள்ளி உணவு 1889இல் தொடங்கியதாகக் கொள்வது வழக்கம். யமகாட்டா மாகாணத்துச் சுருவோகா ஊரில், தாய்தோகுஜி என்ற புத்தக் கோயிலுக்குள் நடந்த சூவாய் தொடக்கப்பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சோற்றுருண்டை, சுட்ட உப்புச் சால்மன் மீன், ஊறுகாய் கொடுத்தார்கள். பள்ளியை நடத்தியது அந்த ஒரு கோயில் மட்டுமல்ல. ஊரிலிருந்த பல பிரிவுத் துறவிகள் கூடி நடத்தினர். வீடுவீடாகச் சூத்திரம் ஓதிப் பிச்சையாக வாங்கிவந்த அரிசியும் காசும்தான் உலைக்கு முதல். பல கை சேர்ந்து ஒரு பானை வைக்கும் வழக்கம் ஆக, இங்கே பள்ளி உணவோடு கூடவே பிறந்தது.

இரண்டாம் உலகப் போரில் குலைந்த இவ்வேற்பாடு, 1946 டிசம்பர் 24 அன்று டோக்கியோவில் மீண்டும் தொடங்கியது. ‘லாரா’ என்ற பெயரில் ஒன்றுசேர்ந்த தொண்டு அமைப்புகள் கடல் கடந்து அனுப்பிய பண்டங்களே அப்போது கைகொடுத்தன. அவற்றுள் கொழுப்பு நீக்கிய பால்மாவும் ஒன்று. அதைக் கரைத்துக் குடித்த தலைமுறைக்கு அதன் வாடை இன்னும் மறக்கவில்லை. 1954இல் பள்ளி உணவுச் சட்டம் வந்தது. கூடமும் ஆட்சம்பளமும் பள்ளியை நடத்தும் நகராட்சியின் பொறுப்பு, பண்டங்களின் விலை பெற்றோருடையது என்று அது பிரித்தது. சோறு உண்ணும் நாட்டில் பள்ளிச் சாப்பாடு ரொட்டியாகவே இருந்துவந்தது. சோறு முறைப்படி இடம்பெற்றது 1976இல்தான்.

சமைக்கும் முறை மூவகை. பள்ளி தனக்குத்தானே சமைப்பது ‘ஜிகோ’. ஒரு பள்ளியின் அடுப்பு அண்டைப் பள்ளிக்கும் சேர்த்து எரிவது ‘ஓயாகோ’. பெற்றோரும் பிள்ளையும் என்ற பொருளில் வந்த பெயர். பள்ளிகளுக்கு வெளியே தனிக்கூடம் என்றால் ‘சென்டா’. மூன்றிலும் சுவை மிக்கது ஜிகோவே என்பார்கள். இருப்பினும் 1985இல் கல்வி அமைச்சகம், பகுதிநேர ஊழியர், கூட்டுக் கூடம், தனியார் ஒப்பந்தம் ஆகியவற்றால் செலவைக் குறைக்குமாறு சுற்றறிக்கை அனுப்பிச் சிக்கனத்தின் பக்கம் சாய்ந்தது. சென்டாவிலிருந்து சூடு காக்கும் இரட்டைச் சுவர்த் தூக்குகளில் குழம்பு வரும். வெள்ளை அங்கியும் தொப்பியும் போட்ட, அன்று பரிமாறும் முறை வந்த மாணவர்கள் வகுப்புக்குத் தூக்கிப் போய் அகப்பையால் பரிமாறுவார்கள்.

சேர்ந்து சமைப்பது வேறு, சேர்ந்து வாங்குவது வேறு என்பதை 1996 ஜூலையில் சாக்காய் நகரம் காட்டியது. அங்கே தொடக்கப்பள்ளிகளில் சமையல் தனித்தனி. கொள்முதல் மட்டும் நகரம் முழுமைக்கும் ஒன்று. ஓ157 கிருமியால் 9,000க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். மூன்று சிறுமியர் இறந்தனர். அடுப்புகள் தனித்தனியாக இருந்தும் கூட்டுக் கொள்முதல் வழியே கிருமி பரவியது. முள்ளங்கி முளைக்கீரை மீது அரசு ஐயம் தெரிவிக்க, அதன் விற்பனை படுத்தது. சுகாதார அமைச்சர் நவோதோ கான் தொலைக்காட்சிக் கேமரா முன் அதைத் தின்று காட்டினார். விளைவித்தவர்கள் தொடுத்த வழக்கில் அரசு தோற்றது. அதன்பின் விதிகள் இறுகின: சமைத்து 2 மணி நேரத்துக்குள் உண்ண வேண்டும், பிள்ளைகள் உண்பதற்கு 30 நிமிடம் முன்னதாகப் பொறுப்பாளர் ஒருவர் உண்டு பார்க்க வேண்டும், ஒவ்வொரு பண்டத்திலும் 50 கிராம், மைனஸ் 20 டிகிரியில் இரு வாரம் இருக்க வேண்டும். பல ஊர்களில் வெள்ளரிக்காய்கூட வெந்நீரில் முங்கி எழுந்தே தட்டுக்கு வருகிறது.

இன்று பல கூடங்களில் சமைப்பது ஒப்பந்த நிறுவனங்களே. 2023 செப்டம்பரில் அத்தகைய உணவு நிறுவனம் ஒன்று நொடித்து நின்றபோது, பல மாகாணங்களில் பள்ளிகளிலும் விடுதிகளிலும் சாப்பாடு வரவில்லை.