வாய்ச்சொல் விற்ற விளையாட்டுகள்



வாய்ச்சொல்லின் வலிமையைத் தோட்டத்து மக்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கங்காணிமார் தத்தம் ஊருக்குப் போய், உறவினரிடமும் ஊராரிடமும் பேசித்தான் நம் முன்னோரில் பலரை மலாயாவுக்கு அழைத்து வந்தார்கள். 1938-இல் அன்றைய இந்திய அரசாங்கம் தடை விதித்ததும் அம்முறை முடிவுற்றது. இன்று செனாய் வட்டாரத்தில், "கூட்டாளி சொன்னான், நல்ல விளையாட்டாம்" என்று பிள்ளைகள் கணினி விளையாட்டு வாங்கக் காசு கேட்கிறார்கள். இந்த வாய்ச்சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு.

கூத்தில் வேடம் கட்டியவர் அர்ச்சுனனாகவே மாறிவிடுகிறார் அல்லவா? அதுபோல ஆடுபவர் ஒரு பாத்திரமாகி, கதையின் போக்கைத் தாமே முடிவு செய்யும் விளையாட்டுகள் உள்ளன. இவற்றுக்கு மூலம், 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகேக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அதற்குக் கணினி தேவையில்லை. மேசையைச் சுற்றி அமர்ந்து, தாளும் பகடையும் கொண்டு ஆடுவார்கள். முதலில் தயாரித்தவை 1,000 பெட்டிகளே. அவை ஓராண்டுக்குள் விற்றுத் தீர்ந்தன. தனியே ஆட முடியாத விளையாட்டு ஆதலால், வாங்கியவர் நண்பர்களைக் கூட்டிக் கற்றுக்கொடுத்தார். கற்றவர் தமக்கென ஒரு பெட்டி தேடினார்.

பின்னர் இவ்வகை விளையாட்டு கணினிக்கு வந்தது. 2009 பிப்ரவரியில் ஜப்பானில் 'டீமன்ஸ் சோல்ஸ்' வெளியாயிற்று. மிகக் கடினமான ஆட்டம். தொடக்கத்தில் விற்பனை மந்தம். ஜப்பானில் வெளியிட்ட சோனி நிறுவனமே அமெரிக்காவில் வெளியிட முன்வரவில்லை. ஆனால் ஆசியப் பதிப்பில் ஆங்கிலம் இருந்ததால், அதை வரவழைத்து ஆடிய சிலர் மற்றவர்களிடம் வியந்து பேசினார்கள். அவ்வாண்டு அக்டோபரில் அட்லஸ் நிறுவனம் அதை அமெரிக்காவில் வெளியிட்டது. அதே ஆக்குநர்கள் 2022-இல் வெளியிட்ட 'எல்டன் ரிங்' ஓராண்டுக்குள் 2 கோடிப் படிகள் விற்றது.

2015-இல் வந்த 'அண்டர்டேல்', டோபி ஃபாக்ஸ் என்ற இளைஞர் பெரும்பாலும் தனியாளாக ஆக்கியது. 2013-இல் பொதுமக்களிடம் திரட்டிய சுமார் 51,000 அமெரிக்க டாலரே முதல். எதிரி எவரையும் கொல்லாமலே ஆடி முடிக்கலாம் என்ற புதுமை வாய்க்கு வாய் பரவியது. லட்சக்கணக்கில் விற்றது.

காரணம் என்ன? சிறிய ஆக்குநரிடம் விளம்பரத்துக்குப் பணமில்லை. ஆனால் பல மணி நேரம் ஆடிப் பார்த்த நண்பன், பொய் சொல்லி அடையும் லாபம் ஒன்றுமில்லை. நம் விருப்பமும் அவனுக்குத் தெரியும். ஆகவே அவன் சொல்லை நம்புகிறோம்.

கங்காணியின் நிலை வேறு. அழைத்து வந்த ஆளுக்குத் தொகை. வேலைக்கு இறங்கிய ஒவ்வோர் ஆளுக்கும் நாள்தோறும் தலைக்காசு. அவர் சொல்லில் அந்தக் காசும் கலந்திருந்தது. இன்றும் காசு வாங்கிக்கொண்டு விளையாட்டுகளைப் புகழ்பவர்கள் உண்டு.

எனவே பெற்றோர்களே, உழைத்த காசை எடுத்துக் கொடுக்குமுன் பிள்ளையிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். சொன்னவர் ஆடிப் பார்த்தாரா? சொன்னதற்கு அவருக்குக் காசு வந்ததா? கப்பலேறிய நம் பாட்டனும் பாட்டியும் இதைக் கேட்டறிய வழியில்லை. நமக்கு வழி உண்டு, கேட்போம்.