மூச்சுக்கு ஒரு வழி

‘நாலு பேர் முன்னால மூக்கறுபட்டேன் சார்’ என்று நாம் பேச்சுக்குச் சொல்கிறோம். கவாஸ்ஜிக்கு அது நிஜமாகவே நடந்தது!

ஆங்கிலேயப் படைக்கு மாடு ஓட்டிப் பிழைத்த மராட்டியர் அவர். 1792-ம் ஆண்டு போரில் திப்பு சுல்தானிடம் சிறைப்பட்டார். மூக்கும் ஒரு கையும் போயின. ஒரு வருஷத்துக்கும் மேல் மூக்கில்லாமலே இருந்தவருக்கு, புனே அருகே புது மூக்கு வைத்தவர் யார் தெரியுமா? செங்கல் செய்யும் சாதியைச் சேர்ந்த ஒருவர்!

மூக்கின் அளவுக்கு மெழுகுத் தகடு செய்து, அதை நெற்றியில் பரப்பிக் கோடு போட்டார் அவர். கோட்டின்படி தோலைக் கீறி எடுத்து, கீழே திருப்பி மூக்காகப் பொருத்தினார். ரத்தம் ஓடுவதற்காகப் புருவ மத்தியில் சின்னப் பட்டையை மட்டும் அறுக்கவில்லை. 1794 அக்டோபரில் லண்டன் ‘ஜென்டில்மேன்ஸ் மேகஸின்’ இதை விவரமாக வெளியிட, இங்கிலாந்தே மூக்கில் விரல் வைத்தது!

கத்தி வேலையைத்தான் எல்லோரும் மெச்சுகிறார்கள். அதற்குப் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். வெற்றிலையோடு போடுகிறோமே, அந்தக் காசுக்கட்டியைக் குழைத்துத் துணியில் தடவி, ஐந்தாறு அடுக்காக ஒட்டினார். நாலு நாள் அதைத் தொடவில்லை. பிறகு நெய்யில் நனைத்த துணி. ஐந்தாறு நாள் மல்லாந்தே படுக்க வேண்டும். பத்தாம் நாள், நாசித் துவாரங்களில் மெல்லிய துணித் திரி. சுமார் இருபத்தைந்தாம் நாள்தான் அந்தப் பட்டையை வெட்டினார்.

திரி எதற்கு? ஆறுகிற புண் சுருங்கும், துவாரம் அடைத்துக்கொள்ளும். அப்புறம், பார்க்க மூக்கு இருக்கும். மூச்சு விட வழி இருக்காது!

இந்த சூட்சுமம் பழசு. கன்னத்துத் தோலில் மூக்கு செய்யச் சொன்ன சுஸ்ருத சம்ஹிதை, துவாரங்களில் இரண்டு குழல்களைச் செருகவும், அதிமதுரம் கலந்த பொடி தூவிப் பஞ்சு வைத்து நல்லெண்ணெய் விடவும் சொல்கிறது.

1814-ல் லண்டனில் ஜோசப் கார்ப்யூ என்ற சர்ஜன் இந்திய முறையில் மூக்கு வைத்தார். அங்கிருந்து ஐரோப்பா முழுக்கப் பரவியது.

இன்று மூக்கு ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் என்ன சொல்கிறார்? ‘உப்புநீர் ஸ்ப்ரே அடிங்க, தலையை உயர்த்திப் படுங்க, மூக்கைச் சிந்தாதீங்க.’ துணித் திரி இருந்த இடத்துக்கு சிலிக்கோன் தகடு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும், ‘இதெல்லாம் எதுக்கு?’ என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். மூக்கை வைப்பது ஒரு நாள் வேலை. அதில் மூச்சை ஓட வைப்பதற்கு இருபத்தைந்து நாள் பொறுமை வேண்டும். செங்கல்காரருக்கு அது தெரிந்திருந்தது!