வளைகுடா எல்லைகளில் கருவிழிப் பதிவும் அந்தரங்க உரிமையும்

ஐக்கிய அரபு எமிரேட்ஸிலிருந்து நாடு கடத்தப்பட்ட ஒருவர், வேறு பெயரில் புதிய கடவுச்சீட்டு பெற்று மீண்டும் அந்நாட்டுக்குள் நுழைவது ஒரு காலத்தில் இயலக்கூடியதாகவே இருந்தது. இதைத் தடுக்க 2001 ஆம் ஆண்டில் அந்நாடு கருவிழிப் பதிவு முறையைத் தொடங்கியது.

வெளியேற்றப்படுபவர்களின் கருவிழிப் பதிவுகள் அபுதாபியில் உள்ள மையத் தரவுத்தளத்தில் சேர்க்கப்பட்டன. விமான நிலையங்களிலும், துறைமுகங்களிலும், தரைவழி எல்லைகளிலும் வந்திறங்குவோரின் கண்கள் சில விநாடிகளில் அவற்றோடு ஒப்பிடப்பட்டன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் டாக்மன் உருவாக்கிய கணித முறையே இதற்கு அடிப்படை. கண்மணியை விரியச் செய்யும் சொட்டு மருந்தை இட்டுக்கொண்டு இக்கருவியை ஏமாற்றச் சிலர் முயன்றதும், அதைக் கண்டறியும் வழி பின்னர் சேர்க்கப்பட்டதும் உண்டு.

நாடு கடத்தப்பட்டவர்களுக்கென ஆரம்பித்த இந்த ஏற்பாடு, காலப்போக்கில் அனைவருக்குமானதாக விரிவடைந்தது. 2018 இல் துபாய் விமான நிலையத்தில், கடவுச்சீட்டைக் காட்டாமல் முக அடையாளத்தைக் கொண்டே கடந்து செல்லும் சுரங்கப்பாதை போன்ற வழி திறக்கப்பட்டது. குவைத்தில், உயிரியல் அடையாளப் பதிவைச் செய்துகொள்ள வெளிநாட்டவர்களுக்கு 2024 டிசம்பர் இறுதிவரை அவகாசம் தரப்பட்டது. தவறியவர்களின் வங்கிப் பரிவர்த்தனைகள் முடக்கப்பட்டன.

இத்தகவல்களுக்குச் சட்டப் பாதுகாப்பு என்ன?

கத்தார் 2016 இலும், பஹ்ரைன் 2018 இலும், ஓமன் 2022 இலும் தரவுப் பாதுகாப்புச் சட்டங்களை இயற்றின. எமிரேட்ஸின் 2021 ஆம் ஆண்டுச் சட்டம், உயிரியல் அடையாளங்களை உணர்வுபூர்வமான தகவல்களாக வகைப்படுத்துகிறது. தன்னைப் பற்றிய தகவலைக் கேட்டுப் பெறவும், பிழையைத் திருத்தவும், அழிக்கக் கோரவும் அது உரிமை அளிக்கிறது. ஆனால் அரசுத் தரவுகளுக்கும், பாதுகாப்பு அமைப்புகளிடம் உள்ள தனிநபர் தகவல்களுக்கும் அச்சட்டம் பொருந்தாது. அதாவது, நிறுவனங்களிடம் ஒருவர் கோரக்கூடிய உரிமையை, எல்லையில் பதிவான தன் கண்ணைக் குறித்து அச்சட்டத்தின் கீழ் அவர் கோர முடியாது.

இவ்வகை விலக்கு வளைகுடாவுக்கு மட்டும் உரியதல்ல. அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017 இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த இந்தியாவிலும், 2023 ஆம் ஆண்டுச் சட்டம் அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்க இடம் தருகிறது. மாறாக, 2025 அக்டோபரில் ஐரோப்பா தொடங்கிய எல்லைப் பதிவு முறையில், பதிவுகள் பொதுவாக மூன்று ஆண்டுகள் வைத்திருக்கப்படும் என்பதும், பயணி திருத்தம் கோரலாம் என்பதும் சட்டத்திலேயே எழுதப்பட்டுள்ளன.

கடவுச்சீட்டு தொலைந்தால் வேறொன்று பெறலாம். கருவிழியை மாற்றிக்கொள்ள முடியாது. வளைகுடா ஊதியத்தை நம்பிக் குடும்பம் நடத்தும் தொழிலாளிக்கு, பதிவில் நேரும் ஒரு பிழை பிழைப்பையே பறித்துவிடலாம். எல்லையைக் காக்க அரசுக்குள்ள உரிமையை யாரும் மறுப்பதில்லை. பதிவு எவ்வளவு காலம் இருக்கும், பிழையானால் எங்கே முறையிடுவது என்பவற்றுக்குச் சட்டம் விடை தர வேண்டும் என்பதே கேள்வி.