கல்கத்தாவின் ‘குண்டா’: சட்டப் பதிவும் புனைவுப் பதிவும்

தமிழகத்தில் ‘குண்டர் சட்டம்’ என வழங்கப்பெறுவது 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டமாகும். எனினும், ‘குண்டா’ என்னும் சொல் அதற்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன்பே கல்கத்தாவில் சட்டத்தின் பெயராகிவிட்டது. அச்சொல்லுக்குள் அடைக்கப்பெற்ற இளைஞன் யார் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சென்னைச் சிறார் சட்டத்தை (1920) அடுத்து, வங்காளச் சிறார் சட்டம் 1922இல் இயற்றப்பெற்றது. குற்றம் புரிந்த சிறாரைத் திருத்த இயலும் என்பதே இவற்றின் அடிப்படை. மறு ஆண்டே கல்கத்தாவை நோக்கி இயற்றப்பெற்ற குண்டாக்கள் சட்டம் (1923) இதற்கு நேர்மாறானது. வழக்கமான நீதிமன்ற விசாரணையின்றி, காவல்துறை அறிக்கையின் அடிப்படையில் ஒருவரை நகரைவிட்டு வெளியேற்ற அது வழிவகுத்தது. வயதில் சில ஆண்டுகள் கூடியவுடன், திருத்தத்தக்கவன் விலக்கத்தக்கவனாகிவிடுகிறான் என்பது நோக்கத்தக்கது. அவன் எவ்வாறு மனம் இறுகினான் என்னும் வினாவுக்கு இவ்விரு சட்டங்களுக்கும் இடையே இடமில்லை.

இவ்வினாவை எழுப்பியது புனைவே எனலாம். இந்திர மித்ராவின் கதையைத் தழுவித் தபன் சின்கா 1968இல் இயக்கிய ‘ஆபன்ஜன்’ என்னும் வங்கத் திரைப்படம் இதற்குத் தக்க சான்றாகும். 1967இல் மேற்கு வங்கத்தில் ஐக்கிய முன்னணி ஆட்சி அமைந்து, அவ்வாண்டிலேயே நீக்கப்பெற்றது. நக்சல்பாரி எழுச்சியும் அவ்வாண்டினதே. அக்கொந்தளிப்பினூடே வேலையற்ற இளைஞர்களின் இரு கும்பல்களைப் படம் காட்டுகிறது. தேர்தல் காலத்தில் அரசியலார்க்கு இவர்களின் கைவலிமை தேவைப்படுகிறது. தேவை முடிந்தபின் இவர்கள் ‘குண்டா’க்களே.

உறவினர் ஒருவர் கூலியில்லா வேலைக்காரியாக நகருக்கு அழைத்துவந்த கிராமத்து மூதாட்டி ஆனந்தமயி, இறுதியில் இவ்விளைஞர்களிடமே உறவைக் காண்கிறாள். குருதி உறவு கைவிட்டவளைக் கும்பல் ஏற்கிறது. ‘ஆபன்ஜன்’ என்பதன் பொருளும் ‘தம்மவர்’ என்பதே. மோதலின்போது அவளே துப்பாக்கிக் குண்டுக்கு இரையாகிறாள். 1971இல் குல்சார் இதனை ‘மேரே அப்னே’ என இந்தியில் எடுத்தார்.

குண்டாக்கள் சட்டத்தின்கீழ்த் திரண்ட காவல்துறைக் கோப்புகளைக் கொண்டு சுரஞ்சன் தாஸ், ஜயந்த ராய் ஆகியோர் பின்னாளில் கல்கத்தா நிழலுலகின் வரலாற்றை வரைந்தனர். அக்கோப்புகள் இன்றியமையாதவை, எனினும் அவை காவலரின் நோக்கில் எழுதப்பெற்றவை. ஒருவன் செய்த குற்றத்தைக் கோப்பு கூறும். அவனைத் தம்மவனாகக் கொண்டவர் உண்டா என்பதைப் புனைவே கூறும். ஆதலின் இவ்விரண்டையும் இணைத்துக் கற்றாலன்றி ‘குண்டா’வின் வரலாறு முழுமை பெறாது என்பது தெளிவு.