படாளம் தப்பிய கதை

செங்கல்பட்டைத் தாண்டி, பாலாற்றுப் பாலத்தையும் கடந்து ஜி.எஸ்.டி. சாலையில் போனால் படாளம் கூட்டுரோடு வரும். வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் வண்டியைத் திருப்பும் இடம். மதுராந்தகம் கூட்டுறவு சர்க்கரை ஆலையும் இந்த ஊரில்தான். அரவைக் காலத்தில் கரும்பு வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்கு ஆராயப்பட்ட நான்கு இடங்களில் இந்தப் படாளமும் ஒன்று என்பதைப் பலர் மறந்திருப்பார்கள்.

இரண்டாவது நிலையம் எதற்கு? கதை 1932 அக்டோபரில் தொடங்குகிறது. ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஓட்டிவந்த சிறு விமானத்தை, அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். வந்து இறங்கியவை தபால் மூட்டைகள். பயணி என்று ஒருவர்கூட இல்லை.

1953இல் விமான நிறுவனங்கள் நாட்டுடைமையாயின. அதன்பின் நாற்பது ஆண்டுகள் விமானம் என்றால் அதிகாரிகள், முதலாளிகள், சினிமாக்காரர்கள். வளைகுடா வேலை அந்த வரிசையில் கிராமத்து இளைஞர்களையும் கொண்டுவந்து நிறுத்தியது. தொண்ணூறுகளில் தனியார் வந்தார்கள். 2003இல் ஏர் டெக்கான் மலிவு விலை டிக்கெட்டோடு கிளம்பியபின், ரயிலில் ஏ.சி. பெட்டிக்குக் காத்திருந்த குடும்பங்கள் விமானக் கட்டணத்தையும் விசாரிக்கத் தொடங்கின. 2018-19இல் சென்னையின் மீனம்பாக்கம் விமான நிலையம் வழியே போய்வந்தவர்கள் சுமார் 2 கோடியே 25 லட்சம் பேர்.

உலகக் கணக்கும் இதே பாதைதான். 1970இல் சுமார் 31 கோடிப் பயணிகள். 2019இல் ஏறத்தாழ 450 கோடி. நடுவில் எண்ணெய் நெருக்கடி, நியூயார்க் கோபுரத் தாக்குதல், 2008 பொருளாதாரச் சரிவு எல்லாம் வந்தன. ஒவ்வொரு முறையும் ஓரிரு ஆண்டு தள்ளாடிவிட்டுக் கூட்டம் திரும்பி வந்தது. கொரோனா கொடுத்த அடி மட்டும் வேறு ரகம். 2020இல் எண்ணிக்கை சுமார் 180 கோடிக்கு விழுந்தது. 'இனி எல்லாம் வீடியோ கால்தான்' என்று எத்தனை பேர் ஆரூடம் சொன்னார்கள்! 2024இல் பழைய உச்சமே தாண்டப்பட்டுவிட்டது.

மீனம்பாக்கத்தால் இந்த வேகத்துக்கு விரிய முடியாது. ஒரு பக்கம் அடையாறு, இன்னொரு பக்கம் பரங்கிமலை, சுற்றிலும் வீடுகள். ஆகவே பன்னூர், பரந்தூர், திருப்போரூர், படாளம் என நான்கு இடங்கள் ஆராயப்பட்டன. கல்பாக்கம் அணுமின் நிலையமும் தாம்பரம் விமானப்படைத் தளமும் குறுக்கே நின்றதால் திருப்போரூரும் படாளமும் கழிந்தன. 2022 ஆகஸ்டில் பரந்தூர் அறிவிக்கப்பட்டது.

படாளத்துக்காரர்களின் வயல்கள் பிழைத்ததற்கு யாருடைய கருணையும் காரணமில்லை. ஓர் அணு உலையும் ஒரு விமானப்படைத் தளமும் அருகில் இருந்ததே காரணம். பறக்கப்போகிறவர்களை முப்பது ஆண்டுகள் முன்கூட்டியே எண்ணிவிடுகிற நாம், நிலத்தை விட்டு எழுந்து போகவேண்டியவர்களை அத்தனை அக்கறையோடு எண்ணுவதில்லை.

பரந்தூருக்கு 2025 ஏப்ரலில் மத்திய அரசு கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது. அதற்கும் முன்பே, 2022இலேயே, அந்தத் திட்டத்துக்கு நிலம் கேட்கப்பட்ட ஏகனாபுரத்து மக்கள் போராட்டத்தில் இறங்கிவிட்டார்கள். அவர்கள் கதை அடுத்த இதழில்.