செவிலிய நெறிகளில் நீதியின் இடம்: அட்டப்பாடி, மூணாறு சூழல்களை முன்வைத்து

தன்னுரிமை, நன்மை செய்தல், தீங்கிழையாமை, நீதி என்னும் நான்கு நெறிகளைச் செவிலிய மாணவர் முதலாண்டிலேயே படித்துவிடுகின்றனர். பீச்சம், சில்ட்ரஸ் இருவரும் 1979இல் வெளியிட்ட நூலின் வழியே பரவிய இந்நான்கினுள் நீதி பெரும்பாலும் கடைசியாகவே பேசப்படுகிறது. பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழக எல்லைப் பகுதிகளில் அதை முதலில் வைக்காமல் மற்ற மூன்றையும் கடைப்பிடிக்க இயலாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினர் வாழும் பாலக்காட்டின் அட்டப்பாடியில் 2013இல் பச்சிளங்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தனர். தாய்மாரின் ஊட்டக்குறைவும் இரத்தசோகையும் குழந்தைகளின் எடைக்குறைவும் அப்போது விவாதத்துக்கு வந்தன. கர்ப்பிணிக்குச் சோகை என்றால் இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பது வழக்கம். ஆனால் சிக்கிள் செல் நோய் காணப்படும் இப்பகுதியில், சிவப்பணுக்கள் விரைவில் சிதைவதாலும் சோகை வரலாம். அதைச் சோதித்தறியாமல் மாத்திரையோடு நிறுத்திக்கொண்டால் அடிப்படை நோய் மறைந்தே கிடக்கும். நீர்ச்சத்துக் குறைவும் குளிரும் தொற்றும் அந்நோயாளிக்குக் கடும் வலியைத் தூண்டும் என்பதால், ஊரில் குடிநீர் எங்கிருந்து வருகிறது, வீட்டில் என்ன சமைக்கிறார்கள், குடும்பத்தில் யாருக்கேனும் இந்நோய் உண்டா என்பனவும் செவிலியர் கேட்க வேண்டிய கேள்விகளே. வாழ்நிலையைப் பற்றிய இக்கேள்விகளைத் தவிர்த்தால் தீங்கிழையாமை பெயரளவில்தான் எஞ்சும்.

இடுக்கியின் தேயிலைத் தோட்டப் பகுதியான மூணாறில் சிக்கல் வேறு வடிவம் கொள்கிறது. தோட்ட நிர்வாகம் மருத்துவ வசதி செய்துதர வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஆனால் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு மருத்துவமனைக்குப் போகும் நாள் கூலியை இழக்கும் நாளாகலாம். கூலியும் போனசும் இவர்கள் வாழ்வில் எவ்வளவு இறுக்கமானவை என்பதை 2015இல் மூணாறு தோட்டப் பெண்கள் நடத்திய பெம்பிளை ஒருமைப் போராட்டம் உலகறியச் செய்தது. மறுபரிசோதனைக்கு வராதவரை ‘ஒத்துழைக்காதவர்’ என்று பதிவேட்டில் எழுதுவது, வறுமையை அவருடைய விருப்பமாகத் திரித்துவிடுகிறது.

மொழியும் இங்கே சேர்கிறது. தமிழும் மலையாளமும் நெருங்கியவை என்பதால் தமிழ் பேசும் நோயாளியும் மலையாளம் பேசும் செவிலியரும் புரிந்ததாக எண்ணித் தலையாட்டிவிடும் ஆபத்து உண்டு. போதிய விளக்கம் பெற்றுத் தந்த இசைவே செல்லும் என்று சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இல் வலியுறுத்தியது. எனவே நோயாளி தம் சொற்களில் திருப்பிச் சொல்லக் கேட்ட பிறகே கையொப்பம் பெற வேண்டும்.

அரசும் நிர்வாகமும் தீர்க்க வேண்டியதைச் செவிலியர் தலையில் சுமத்துவது எப்படி நீதியாகும் என்று கேட்கலாம். ஆள் பற்றாக்குறையுள்ள வார்டில் இக்கேள்வி நியாயமானதே. ஆனால் கூலியைக் கூட்டுவதோ குடிநீர் தருவதோ அவர் பணியன்று. தடையைக் கண்டறிவதும், பராமரிப்புத் திட்டத்தில் எழுதுவதும், ஆஷா பணியாளருக்கும் மருத்துவருக்கும் தெரிவிப்பதும் அவர் பணி. பன்னாட்டுச் செவிலியர் மன்றம் 2021இல் திருத்திய நெறிமுறையும் நலத்தின் சமூகக் காரணிகளைச் செவிலியர் பொறுப்புக்குள் வைக்கிறது.

ஆகவே இப்பகுதிகளில் பயிலும் மாணவரின் மதிப்பீட்டுப் படிவத்தில் கூலி, தொலைவு, நீர், மொழி ஆகியவை நாடித்துடிப்புக்கும் இரத்த அழுத்தத்துக்கும் இணையான பதிவுகளாக இடம்பெற வேண்டும். அவற்றுக்குத் தேர்வில் மதிப்பெண்ணும் வேண்டும்.